அவள் சொல்லாமல் விட்ட ஐந்து வரிகள்

என் மனைவிக்கு வாய்தான் சொத்து. கல்யாணமான புதிதில் என் அம்மா சொன்ன வார்த்தை இது. பாராட்டாகச் சொன்னதில்லை. ஆனால் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது எங்கள் வீட்டில் அப்படியே பலித்தது. எனக்கு இரண்டு தடவை வேலை போனது, மூன்றாவது வேலை கிடைத்ததே அவள் வாயால்தான். அந்த வாய் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். அதில் பாதி என்னுடையது. என் பாதியைச் சொல்லும்போது எனக்குத் தலை தொங்கிவிடும். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

அவள் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தவள். வெளிநாட்டுக்காரர்களின் மொழியை அங்கேயே காதால் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் ஒரு விருந்தாளி, குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று மேனேஜரின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டினார். அவள் மேனேஜர் பக்கம் திரும்பி, “சார், தண்ணி கொஞ்சம் மெதுவா வருதாம், பார்க்கச் சொல்றாரு” என்றாள். “ஆத்துல போய்க் குளிக்கச் சொல்லு” என்றார் மேனேஜர். அவள் விருந்தாளி பக்கம் திரும்பி, மேனேஜர் மிகவும் வருந்துகிறார், அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று அவர் மொழியில் சொன்னாள். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு பிரிந்தார்கள். அந்தக் குழாயைச் சரிசெய்ய வந்தவன் நான். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இவளைக் கட்டிக்கொண்டால் வீட்டில் சண்டையே வராது என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கு எப்படித் தப்பாகிப் போனது என்பது வேறு கதை.

ஒருத்தர் சொல்லும் முள்ளை எடுத்துவிட்டுப் பழத்தை மட்டும் அடுத்தவர் கையில் கொடுப்பது அவளுக்குப் பழக்கமாகிப்போனது. அதற்காகவே அவளை ஹோட்டலில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவள் மேல் எல்லாருக்கும் பிரியம்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. ஹோட்டலின் கண்ணாடிகள் ஒரே காலையில் தெருவுக்கு வந்தன. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தபோது, அங்கிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களின் பிள்ளைகளுக்காக, மூடிக் கிடந்த ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒரு நிலையம் திறந்தார்கள். கவுன்டர்களை உடைத்தெடுத்து, தரையில் பாய் விரித்து, பொம்மைகளும் வண்ணப் பென்சில்களும் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் பன்னிரண்டு வாரத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தார். நரைத்த முடி, ஆண்பிள்ளை ஷூ, அதட்டத் தெரியாத குரல். அவருக்கு எங்கள் மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. என் மனைவி அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனாள். “என் வீட்டுக்காரர் எந்த ரிப்பேரும் பார்ப்பாரு” என்று அவள் சொன்ன ஒரு வாக்கியத்தில் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. பிள்ளைகள் அவளை ‘வாயம்மா’ என்று கூப்பிட்டார்கள். டாக்டரின் வாய் அவள்தானே.

வேலை தொடங்கும்முன் டாக்டரம்மா அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். விதிகள் மூன்று. பிள்ளை சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அறைக்குள் கேட்டது வெளியே போகக் கூடாது. பிள்ளை “நான்” என்றால், மொழிபெயர்ப்பவரும் “நான்” என்றே சொல்ல வேண்டும், “அவள் சொல்கிறாள்” என்று நடுவில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது. இந்த மூன்றாவதைப் பழக அவள் வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் “எனக்குப் பசிக்குது” என்றால், அவள் சுவரைப் பார்த்து அந்த மொழியில் ‘எனக்குப் பசிக்கிறது’ என்பாள்.

“ரெண்டு பேருக்கும் பசிக்குதுன்னா அடுப்படிக்கு யாரு போறது?” என்று கேட்டேன்.

“சும்மா இருங்க. சொன்னதைத்தான் சொல்லணும், கேள்வி கேட்கக் கூடாது” என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு பெண்பிள்ளை வருவாள். ஒன்பது வயது. தாய் கைக்குழந்தையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். காரணம், கதவு. எந்தக் கதவையும் மூட விடமாட்டாள். வகுப்பறை, கழிவறை, சமையலறை, எதுவானாலும் தன் செருப்பைக் கழற்றி இடுக்கில் சொருகிவிடுவாள். ஜெனரேட்டரில் ஓடும் ஏசிக் காற்றெல்லாம் தெருவுக்குப் போகும். காற்று, வெளிச்சம், தண்ணீர் எது வீணானாலும் எனக்குப் பித்தம் தலைக்கேறும். எல்லாக் கதவிலும் டோர் குளோசர் மாட்டினேன், தானாகவே சாத்திக்கொள்ளட்டும் என்று. அவள் செருப்பை மாற்றிக் கல்லை வைத்தாள். நான் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினேன். அவள் கல்லையும் செருப்பையும் சேர்த்து வைத்தாள். “கதவுக்காரி வந்துட்டா, ஏசியை நிறுத்துங்கப்பா” என்று நான் சத்தம் போட்டால் அலுவலகமே சிரிக்கும்.

ஒரு நாள் ஆத்திரத்தில் அவள் செருப்பை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டேன். கேட்டு வருவாள், அப்போது ஒரு பாடம் நடத்தலாம் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறுமையோடும் தாயின் பின்னால் வெயில் காய்ந்த ரோட்டில் நடந்து போனாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிவாதக்காரி என்றுதான் நினைத்தேன். எனக்கு அன்று அவ்வளவுதான் புத்தி.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் என் மனைவி தட்டில் கை வைத்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. பாதி விதியை அவள் காப்பாற்றினாள். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை.

“ஒரு பிள்ளைங்க. ஆபத்துல சொந்த அக்காவுக்கு உதவி பண்ணலைன்னு தன் வாயாலேயே சொல்லுது. நான் அதை டாக்டரம்மாகிட்ட சொல்லலை.”

“ஏன்?”

“அவங்க என்ன நினைப்பாங்க? நம்ம பிள்ளைங்க இப்படித்தான்னு நினைக்க மாட்டாங்களா? அதுவும் ‘நான்’னு சொல்லணும். நான் பண்ணலைன்னு என் வாயால எப்படிங்க சொல்றது? சுத்தி வளைச்சு வேற மாதிரி சொல்லிட்டேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தப்பு என்று நான் சொல்லியிருந்தால் மறுநாளே போய்ச் சரிசெய்திருப்பாள். அதற்காகத்தான் என்னிடம் கேட்டாள் என்று இப்போது புரிகிறது. நானோ தண்ணீரைக் குடித்துவிட்டு, பெரிய மனுஷன் தோரணையில், “நல்ல காரியம் பண்ணே. நம்ம பிள்ளையை வெளியாள் முன்னாடி விட்டுக்கொடுக்கலாமா?” என்றேன். அவளுக்கு நிம்மதி வந்துவிட்டது. சாப்பிட்டாள். இதுதான் என் பாதி.

ஒன்பதாவது வியாழக்கிழமை, டாக்டரம்மாவின் அறைக் கதவில் குளோசர் எண்ணெய் கசிகிறது என்று நான் வெளியே ஏணி போட்டு ஏறியிருந்தேன். கதவு ஒரு கல் அகலத்துக்குத் திறந்திருந்தது. கல்லை யார் வைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. காதை மூடிக்கொள்ள முடியாமல் என் கையில் திருப்புளி இருந்தது. கேட்டுவிட்டேன்.

கதவுக்காரி பேசிக்கொண்டிருந்தாள். பாடம் ஒப்பிக்கிற குரல். பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரல்.

“அம்மாவும் அக்காவும் தண்ணிக்குப் போனாங்க. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்காதேன்னு அம்மா சொன்னாங்க. தெருவுல சுட ஆரம்பிச்சுட்டாங்க. அக்கா மட்டும் ஓடி வந்து கதவைத் தட்டினா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. அது அக்கா குரல்தான்னு எனக்குத் தெரியும். நான் திறக்கலை.”

ஏழு வாக்கியம். என் மனைவி இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அவள் என்னை வைத்துப் பழகியதில் பத்து இருபது சொல் காதில் ஒட்டியிருந்தது. அம்மா, அக்கா, தண்ணீர், வீடு, வரவில்லை. கதவு என்ற சொல்லும் எனக்குத் தெரியும். அந்தச் சொல் வரவே இல்லை. டாக்டரம்மா ஏதோ மெதுவாகச் சொன்னார். என் மனைவி பிள்ளையிடம், “அக்கா வீடு வந்து சேரலைங்கிறது எவ்வளவு பெரிய வருத்தம்னு சொல்றாங்கம்மா” என்றாள். பிள்ளை கல் வைத்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடுக்கில் என் கால்கள் தெரிந்திருக்கும்.

ஏணியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தட்டுகிறவர் யாராக இருந்தாலும் இனிமேல் திறந்தே இருக்கட்டும் என்று ஒரு குழந்தை ஊரிலுள்ள கதவுக்கெல்லாம் செருப்பு வைத்துக்கொண்டு திரிகிறது. நான் அதற்கு ஸ்பிரிங் இறுக்கியிருக்கிறேன். என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கீழே இறங்கவில்லை. அப்படியே அந்தக் குளோசரைக் கழற்றினேன். பிறகு வரிசையாக எல்லாக் கதவிலும் கழற்றினேன். நிலையத்து மேனேஜர் வந்து “என்னய்யா பண்றே?” என்றார். “தப்பா மாட்டிட்டேன் சார்” என்றேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி வீட்டுக்கு வந்தவுடன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளையிடம் முன்னேற்றம் இல்லை, தூக்கமும் இல்லை, வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க எழுதப்போகிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அங்கே தாய் கூடத் தங்க முடியாது. வார்டை வெளியிலிருந்து பூட்டி வைப்பார்களாம்.

“நான் கேட்டுட்டேன்,” என்றேன். “ஏணில இருந்தேன். அந்தக் கதவுக்காரிதானா அது?”

அவள் தலையாட்டினாள்.

“எத்தனை தடவை சொல்லியிருக்கா?”

“மூணாவது வாரத்துலேர்ந்து. ஏழு தடவை.”

“ஏழு தடவையும் நீ சொல்லலையா?”

“மொதல் தடவை சொல்லாததை ரெண்டாவது தடவை எப்படிச் சொல்றது? போன வாரம் ஏன் சொல்லலைன்னு கேட்பாங்களே. நீங்கதானே நல்ல காரியம்னு சொன்னீங்க?”

எனக்குக் கோபம் வந்தது. தப்பு நம் மேல் இருக்கும்போது வருகிற கோபம், அதற்குத்தான் சத்தம் ஜாஸ்தி. கத்தினேன். அவளும் கத்தினாள். ஊர் வாயையெல்லாம் இனிக்கவைத்தவள் என்னை மட்டும் விட்டுவைக்கவில்லை; பீரோ மேல் இருந்த செருப்பு விஷயமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. “குழந்தை செருப்பை ஒளிச்சு வெச்ச ஆம்பளை எனக்கு நியாயம் சொல்ல வராதீங்க” என்றாள்.  

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்: “இதைச் சொன்னா மத்த பிள்ளைங்க ஃபைலையும் நம்பமாட்டாங்க. இருபத்திமூணு பிள்ளைங்க. எல்லார்கிட்டயும் நான் கொஞ்சம் கொஞ்சம் இப்படித்தான் பண்ணியிருக்கேன்.” அப்போதுதான் அழுதாள். வேலை போய்விடும் என்று அழவில்லை. பொய்க்காரி என்று அந்த நரைத்த தலை அம்மாள் தன்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்து அழுதாள். பதினான்கு வருடம் எல்லாருக்கும் நல்லவளாக இருந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

மறுநாள் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். “அப்படியென்றால் நான் இதுவரை அந்தக் குழந்தையோடு பேசவே இல்லை, உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்” என்றாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள் என் மனைவி. இரண்டு நாள் இருவரும் இருபத்திமூன்று ஃபைலையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்கெங்கே முள்ளை எடுத்தாள் என்று இவள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அவர் சிவப்பு மையில் எழுதினார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தபோது பார்த்தேன். சிவப்பு இல்லாத ஃபைல் நான்குதான் இருந்தது.

கடைசியில் டாக்டரம்மா அவளிடம் ஒன்று சொன்னார்: ஆஸ்பத்திரிக்கு எழுதுவது நிற்கட்டும். ஆனால் நடந்ததைக் குழந்தையிடம் சொல்ல வேண்டியது நான் இல்லை, நீ.

பத்தாவது வியாழக்கிழமை கதவுக்காரி வந்தாள். அவளை அப்படிக் கூப்பிடுவதை நான் நிறுத்திவிட்டேன், அவள் சொந்தப் பெயரை வெளியே சொல்ல அனுமதி இல்லாததால் இங்கே மட்டும் அப்படி எழுதுகிறேன். வாசலில் நான் பீரோ மேலிருந்த அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை நன்றாகக் கழுவிவைத்திருந்தேன், என்னமோ கழுவினால் போய்விடும் போல.

“இதை நான்தான்மா எடுத்து வெச்சேன். தப்புதான்” என்றேன்.

“தெரியும்” என்றாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். பழையதை வாங்கிக் கதவு இடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவு இனி மூடாது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், வேறு யாரும் உள்ளே வரவும் கூடாது. அதனால் அவள் சம்மதத்தைக் கேட்டு, என்னை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார் டாக்டரம்மா.

என் மனைவி பிள்ளைக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். தேனாகப் பேசுகிற வாய், அன்று சொல் கிடைக்காமல் தடுமாறியது.

“பாப்பா, நீ கதவைப் பத்திச் சொன்னே இல்ல? நான் அதை டாக்டரம்மாகிட்ட சொல்லலைம்மா. ஒரு தடவைகூடச் சொல்லலை. அவங்களுக்கு அது தெரியாது. தப்பு என்மேல.”

பிள்ளை அவளைப் பார்த்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

“அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“நான் திறக்காததால கோவத்துல அதைப் பத்திப் பேசாம இருக்காங்கன்னு நினைச்சேன். அதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மன்னிச்சுட்டேன்னு சொல்வாங்கன்னு.”

ஏழு வாரம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு குழந்தை வந்து தட்டியிருக்கிறது. உள்ளே குரல் கேட்டும் திறக்காமல் இருந்தது நாங்கள் இரண்டு பேரும். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்குத் தரையைத் தவிர எங்கேயும் பார்க்க முடியவில்லை.

பிள்ளை மறுபடி சொன்னாள், அதே ஏழு வாக்கியத்தை. என் மனைவி டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன: அம்மா, தண்ணீர், அக்கா. பிறகு கதவு. கடைசியில் “நான்” என்றாள், அவளே அன்று உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் போல. நான் திறக்கவில்லை.

டாக்டரம்மா கையைப் பாயில் ஊன்றிக் குழந்தைக்கு நேராக நகர்ந்து வந்தார். நெடுநேரம் பேசினார். என் மனைவி ஒன்றையும் விடாமல் சொன்னாள். யாருக்கும் திறக்காதே என்று அம்மா சொன்னதை நீ கேட்டாய். வெளியே துப்பாக்கி இருந்தது. உன் அக்காவைக் கொன்றது சுட்டவர்கள், உன் தாழ்ப்பாள் இல்லை. நீ சொன்னதைக் கேட்டு எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. பிள்ளை அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. “இதை அம்மாகிட்ட நான் சொல்லணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

பதினோராவது வாரம் அவளே தாயிடம் சொன்னாள். அன்று என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லவில்லை, அதனால் உள்ளே என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது தாய் அந்த ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். கைக்குழந்தையை என் மனைவி வைத்திருந்தாள்.

டாக்டரம்மா ஊருக்குப் போய்விட்டார். வேறொருவர் வந்தார். போகும்போது டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளில் என் மனைவியின் தவறும் இருந்தது, அவளை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இருந்தது. அந்தப் பிள்ளை இப்போது கொஞ்சம் தூங்குகிறாளாம். மாதம் ஒருமுறை வருகிறாள். கழிவறைக் கதவை மூடிக்கொள்கிறாள், டாக்டர் அறைக் கதவை மட்டும் மூட விடுவதில்லை. ஸ்டூலும் அங்கேயே இருக்கிறது, நானும்.

ஆனால் அந்தப் பத்தாவது வியாழக்கிழமை தொடங்கிய ஒன்று இன்னும் நிற்கவில்லை. பிள்ளை பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விரலை நிமிர்த்துகிறாள். பேசி முடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்ப்பதில்லை, என் மனைவியின் வாயைப் பார்க்கிறாள். இவள் ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு விரலை மடக்குகிறாள். மூச்சு வாங்க இவள் கொஞ்சம் நிறுத்தினால், நிமிர்ந்து நிற்கும் மிச்ச விரல்களைத் தூக்கிக் காட்டி, “இன்னும் இருக்கு வாயம்மா” என்கிறாள்.